சமையலறைச் சுவரில் மூன்று மில்லிமீட்டர்

பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். குடுவை கழுவுவது, அமிலம் எடுத்து வைப்பது, தவளையைப் பார்த்து அலறுகிற பிள்ளைகளை அதட்டுவது, இதுதான் வேலை. இதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதையும் அளக்காமல் விட முடியாது. சந்தையில் கடைக்காரர் கத்தரிக்காய் நிறுக்கும்போது தராசு முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "உங்கூட கடைக்கு வந்தா மானம் போவுது லா" என்பார் என் வீட்டுக்காரர்.

அதனால்தான் ஏப்ரல் மாதம் ஒரு காலை, சமையலறையின் இடதுபக்கச் சுவரில் விரிசலைப் பார்த்தபோது நான் ஐயோ என்று கத்தவில்லை. அளவுகோலைத் தேடிப் போனேன். கூரையை ஒட்டி மூன்று மில்லிமீட்டர். கீழே வர வரக் குறுகி, இடுப்பு உயரத்தில் தலைமுடி போலாகி, அப்புறம் காணோம். நேர்கோடாக இறங்கவில்லை. செங்கல் எங்கே சேர்கிறதோ அங்கெல்லாம் படிக்கட்டு மாதிரி திரும்பித் திரும்பி இறங்கியிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு புந்தோங்கில், வரிசை வீடுகளில் நடுவீடு. பின்னால் கொல்லையை மூடி நாங்களே பிற்பாடு கட்டியது சமையலறை. பழைய வீடும் புதுச் சமையலறையும் சேருகிற மூலையில்தான் அந்த விரிசல். அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு அண்ணன், மார்ச் மாதத்திலிருந்து தன் கொல்லையில் பழைய தரையை இயந்திரம் வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். உடைக்கிற சத்தத்தில் எங்கள் வீட்டுத் தட்டுகள் அலமாரியில் நடுங்கும். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? பழி போட ஆள் பக்கத்திலேயே இருந்தால் மூளைக்கு வேலையில்லை.

அண்ணன் ஏன் உடைத்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஆயர் தாவார் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தைப்பூசம் முடிந்த வாரம் அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, வாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில்தான் விட்டார்கள். அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவோ, ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலம். நாற்காலி போகாது. ஆகவே அக்காவைக் கமுந்திங்கில் இருக்கும் மகள் வீட்டில் விட்டுவிட்டு, கொல்லையில் அகலக் கதவு வைத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, ஒரு புதுக் குளியலறை கட்டிவிட்டு அழைத்துவருவதாக ஏற்பாடு. மகள் இருப்பது அடுக்குமாடியில், நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

விரிசலை நான் பார்த்த மறுநாளே அண்ணன் ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். கூரை எழுப்ப நகராட்சி அனுமதி வேண்டுமென்றால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். மறுபக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிட்டார்.

"தங்கச்சி, ஒரு சைன் போட்டுக் குடும்மா. நாளைக்கே கொண்டு போயி குடுத்துருவேன்."

நான் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் அளவுகோலால் விரிசலைக் காட்டினேன். "இதுக்கு என்னண்ணே சொல்றீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். "நா அந்தப் பக்கம் தரையத்தான்மா ஒடச்சேன். உஞ்செவுத்துல கைய வைக்கல."

"கைய வைக்காமலேயே இப்டி இருக்கு. வச்சிருந்தா?"

"சரிம்மா. அதுக்கு என்ன செய்யணுங்கிற?"

"உங்க வேலையாலதான் செவுரு வெடிச்சிச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நானும் சைன் போடுறேன்."

"செய்யாதத செஞ்சேன்னு எப்டிம்மா எழுதறது?" என்று சொல்லிவிட்டு, பாரத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்றோடு அந்தப்பக்கத்து இயந்திரம் நின்றது. எனக்கு அப்போது வெற்றி பெற்ற மாதிரி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் வெற்றிக்கு நிரூபணம் வேண்டுமே. ஆய்வுக்கூடத்தில் ஓரம் உடைந்து கழித்துப்போட்ட கண்ணாடித் தகடுகள் நிறைய கிடக்கும், நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற மெல்லிய தகடுகள். அடுத்த வாரம் மூன்றை எடுத்து வந்து, விரிசலுக்குக் குறுக்கே மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று பிசின் வைத்து ஒட்டினேன். பக்கத்தில் பென்சிலால் தேதி. கண்ணாடி துளிகூட நீளாது. சுவர் கொஞ்சம் விலகினாலும் அது உடைந்துதான் ஆக வேண்டும். இப்போது பக்கத்தில் வேலை நின்றிருக்கிறது. தகடு உடையாமல் இருக்கும். அவர் திரும்ப வேலை தொடங்கும் நாளில் உடையும். அப்புறம் யார் மறுக்க முடியும்? இவ்வளவு திட்டத்தோடு ஒட்டிவிட்டு, தினமும் காலையில் காப்பி போடுமுன் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவேன்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள், மத்தியானம் தொடங்கினால் இருட்டும்வரை கொட்டியது. நாலாம் நாள் காலை மேல் தகடு இரண்டாக உடைந்திருந்தது.

பக்கத்து வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டே மூன்று வாரம் ஆகியிருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது பயமும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. சந்தோஷம். நினைத்ததற்கு நேர்மாறாக ஒன்று நடந்தால், ஆய்வுக்கூடத்தில் அதைவிட நல்ல நாள் கிடையாது. அண்ணனையும் பாரத்தையும் மறந்தே போனேன். அவர் இல்லையென்றால் வேறு எது இந்தச் சுவரை இழுக்கிறது? அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

முதலில் ஒரு தையல் ஊசியை எடுத்து விரிசலின் உள்ளே சுரண்டினேன். புதிதாக வெடித்த சுவர் என்றால் உள்ளே செங்கல் சிவப்பும் சிமெண்ட் சாம்பலும்தான் இருக்க வேண்டும். ஊசி முனையில் மஞ்சள் வந்தது. போன தீபாவளிக்கு நாங்கள் அடித்த மஞ்சள் சாயம், விரிசலுக்குள்ளே வழிந்து காய்ந்திருந்தது. இன்னும் சுரண்டினேன். விரிசலை அடைக்க வைக்கிற வெள்ளைப் பட்டி. அதற்கும் பின்னால் பச்சை. அது அதற்கு முந்தின தீபாவளி. சாயம் உள்ளே போக வேண்டுமென்றால் அப்போதே சுவரில் இடைவெளி இருந்திருக்க வேண்டும். அண்ணன் வேலை தொடங்கியதோ மார்ச்சில்.

ஒவ்வொரு வருஷமும் சாயம் அடிப்பது என் வீட்டுக்காரர்தான். அவரிடம் கேட்டேன்.

"ஆமா, அந்த மூலையில வருசா வருசம் பட்டி வைப்பேன். அதுக்கு என்னா? எல்லா வூட்லயும்தான் வைக்கிறாங்க."

"எத்தன வருசமா?"

"கட்டுன நாள்லேருந்து லா."

எங்கள் சனத்துக்குத் தீபாவளி வந்தால் சுவர் சுத்தமாகத் தெரிய வேண்டும். ஏன் வெடித்தது என்று யாரும் அதைக் கேட்பதில்லை. பட்டி வைத்து, தேய்த்து, சாயம் அடித்து, முறுக்கு சுட்டு, விருந்தாளியை உட்கார வைத்துவிடுவோம். பொங்கலுக்குள் சுவர் மறுபடி வாய் திறக்கும். அதற்குள் விருந்தாளி போயிருப்பார். நானும் பத்து வருஷம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று குழம்பு கொதிக்க வைத்தவள்தான். அளக்கிறவள் என்று பெயர், என் முதுகு எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே வலதுபக்கச் சுவரையும் பார்த்தேன். அங்கே அரிசி அலமாரி நிற்கிறது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின் தனியாகத் தம் பிடித்து நகர்த்தினேன். அதே உயரத்தில் இன்னொரு விரிசல், மேலே அகலம், கீழே மெல்லிசு. அந்தப்பக்கத்து வீட்டில் யாரும் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் விட்டிருக்கிறது என்றால், சமையலறை மொத்தமாக வீட்டைவிட்டுப் பின்னால் சாய்கிறது. மேலே அகலமாக விலகுவதும் அதனால்தான். ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் விட்டேன். அது தயங்கி, திரும்பி, பின்பக்கத்து இடது மூலைக்கு, பாத்திரம் கழுவும் தொட்டி இருக்கிற மூலைக்குப் போய் நின்றது. நாலு தடவை விட்டேன். நாலு தடவையும் அங்கேயேதான் போனது.

அந்தச் சமையலறையைக் கட்டியது வேறு யாருமில்லை. என் வீட்டுக்காரரும் அவர் தம்பிகள் இரண்டு பேரும்தான், நாலு ஞாயிற்றுக்கிழமையில். நான் ஆட்டிறைச்சி சமைத்துப் போட்டேன். அவர்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே தொழிலாளர் குடியிருப்பில், லயத்து வீட்டில் பிள்ளைகள் பெருத்தால், பின்பக்கம் நாலு கம்பு நட்டு, பலகையும் தகரமும் அடித்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஓர் அறை எழுப்பிவிடுவார்கள். பலகை வீடு நெளிந்து கொடுக்கும். ஒரு பக்கம் அரையடி இறங்கினால்கூடக் கதவுதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சுவருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தில் செங்கலையும் கையாண்டுவிட்டோம். செங்கலுக்கும் சிமெண்டுக்கும் நெளியத் தெரியாது. நசுக்கினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும்.

முன்வீட்டைக் கட்டிய கம்பெனி, மண்ணுக்குள் பாக்காவ் என்கிற சதுப்புநில மரக்கழிகளை ஆழமாக இறக்கி அதன்மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறது. இந்த வட்டாரத்து மண் அப்படி. முன்காலத்தில் ஈயம் அரித்து எடுத்துவிட்டுக் கொட்டிய மணல் பல இடத்தில் கிடக்கிறது. எங்கள் சமையலறைக்கோ ஆழமான அஸ்திவாரம் எதுவும் இல்லை. மண்ணைக் கொத்தி, சமப்படுத்தி, மேலே ஒரு காங்கிரீட் தரை. அதன் ஓரத்திலேயே சுவர். ஒரே கூரையின் கீழே ஒரு பாதி ஊன்றி நிற்கிறது, மறு பாதி மணலில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் தனித்தனி வேகத்தில் இறங்கும் என்றால் நடுவே ஒரு விரலளவு இடைவெளி விட்டு, இளகின ரப்பர் பசையால் அதை அடைத்திருக்க வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? புதுச் சுவர் விட்டுப் போகக்கூடாது என்று பழைய சுவரில் துளை போட்டு, கம்பி செருகி, இறுக்கிக் கட்டினோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அப்படியானாலும் பத்து வருஷமாக மெல்ல இறங்கியது மழைக்கு ஏன் சட்டென்று நகர வேண்டும்? எலுமிச்சம்பழம் நின்ற மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் பள்ளியில் கேட்டு ஒரு சிட்டிகை பெர்மாங்கனேட் வாங்கி வந்தேன். தண்ணீரில் போட்டால் கத்தரிப்பூ நிறமாகிவிடும் உப்பு அது. ஒரு வாளி கரைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பின்சந்துச் சாக்கடைக்கு ஓடினேன். குழாய் வாயில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் சொட்டியது. ஒரு வாளித் தண்ணீரில் கால்வாசிகூட வரவில்லை. மிச்சம்? மூலைக்கு வெளியே கரண்டியால் ஒரு முழம் தோண்டினேன். ஈர மணல், கத்தரிப்பூ நிறத்தில். தரைக்கு அடியில் குழாய் எப்போதோ உடைந்து, அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், போதாக்குறைக்கு மழைத் தண்ணீர், எல்லாமாகச் சேர்ந்து எங்கள் காலடி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

கையில் கரண்டியோடு நிமிர்ந்தபோது, அண்ணன் தன் பாதி உடைந்த கொல்லையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். சந்தோஷமெல்லாம் அப்போதுதான் இறங்கியது.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி, கையெழுத்துப் போடப் போகிறேன் என்றேன்.

"சைன் போடு. வேணாங்கல. ஆனா நம்ம தப்புன்னு வாயத் தொறக்காத."

"ஏன்?"

"நம்ம அடுப்படிக்குப் பெர்மிட் இருக்கா? நீ அளந்து கிளந்து பெருசு பண்ணி, ஆளுங்க வந்து பாத்து, இடிக்கச் சொன்னா என்னா செய்வ? சைன் போட்டுட்டு, செவுரு பரவால்லண்ணேன்னு சொல்லிட்டு வந்துரு லா. முடிஞ்சிரும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாலு நாள் அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் நான் பெருந்தன்மையாக மன்னித்த மாதிரி ஆகும். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கின மாதிரி அவருக்கு ஆகும். அது எனக்குச் செரிக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

ஐந்தாம் நாள் அக்காவே கமுந்திங்கிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். வாய் லேசாகக் கோணியிருந்தது, பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அங்க மழையா?"

"ஆமாக்கா, தெனம்."

"இங்கயும். சன்னலத் தொறந்து வச்சாத் தெரியும். கீழ எறங்கி மூணு மாசத்துக்கு மேலாச்சு. மருமகன் தூக்கறேங்கிறாரு, பாவம், அவருக்கு ஃபேக்டரியில பெருத்த வேல. எதுக்கு அவரச் சிரமப்படுத்தணும்?" குரலைத் தணித்துக்கொண்டார். "ராவுல தண்ணி குடிக்கிறத விட்டுட்டேன். அவங்கள எழுப்ப வேணாம் பாரு."

போனை வைத்ததும் அழுதேன். அழுதுவிட்டு, பாரத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அண்ணனைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் காட்டினேன். உடைந்த தகடு, மஞ்சளும் பச்சையும், அலமாரிக்குப் பின்னால் இருந்த விரிசல், கத்தரிப்பூ மணல். என் வீட்டுக்காரர் கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். "உங்க மேல தப்பே இல்லண்ணே. எல்லாம் எங்க வேல. உங்கள எழுதிக் குடுக்கச் சொன்னேனே, அத நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம்போல இருக்கு."

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பாரத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அன்னிக்கே போட்டிருந்தா இந்நேரம் கூரையே போட்டிருப்பேன்மா" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "தொட்டித் தண்ணிய நிப்பாட்டு மொதல்ல. எங்கொல்லப் பக்கமும் மண்ணு எறங்கிறப் போவுது" என்றார்.

அவர் வேலை மறுபடி தொடங்கியது. நாங்களும் கட்டட வேலை செய்கிற ஒரு குத்தகைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் மூலையைத் தோண்டி, கெட்டி மண் தட்டும்வரை இறங்கி, காங்கிரீட் கட்டை போட்டுச் சுவரைத் தாங்க வைத்தார். குழாயை மாற்றினார். இரண்டு சுவரையும் பிணைத்த கம்பிகளை அறுத்துவிட்டார். விரிசலை மூடச் சொன்னபோது மட்டும் மறுத்தார். "இப்ப சிமெண்டு வச்சா திரும்ப வெடிக்கும். ரெண்டு மூணு மாசம் சும்மா உடுங்க. ஆட்டம் நின்னுச்சான்னு பாத்துட்டு ரப்பர் பசை அடைக்கலாம்." வேலை செய்கிற ஆள் ஒருவர் பொறுத்திருந்து பார்க்கச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. புதுத் தகடுகள் மூன்று ஒட்டினேன். அடுப்படிக்கு அனுமதி கேட்டும் எழுதிப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. இடிக்கச் சொன்னாலும் சொல்லலாம். என் வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகஸ்டில் அக்கா வந்தார். மருமகனும் அவர் தோழர் ஒருவரும் நாற்காலியோடு தூக்கி, நாலு மாடி இறக்கி, காரில் ஏற்றி வந்திருந்தார்கள். பார்க்கப் போனேன். அவருக்குத் தெரியாமல் இருக்காது, அண்ணன் சொல்லியிருப்பார். எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"அந்தச் செவுத்தக் காட்டு."

"இப்பதான் வந்திருக்கீங்க அக்கா, அப்புறம்..."

"காட்டு."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எங்கள் சமையலறைக்குக் கூட்டிவந்தேன். உட்கார்ந்தவாறே நல்ல கையை நீட்டினார். இடுப்பு உயரத்தில் விரிசல் முடிகிற இடம்தான் எட்டியது. முடி போல் மெல்லிசான அந்தக் கோட்டை விரல் நுனியால் தடவினார். அப்புறம் தலையைத் தூக்கி, மூன்று மில்லிமீட்டர் இருக்கிற உச்சிவரைக்கும் பார்த்தார்.

"இதுக்கா?"

முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இதுக்கா என்னைய இன்னும் நாலு வாரம் அங்க உக்கார வச்ச?"

"ஆமாக்கா" என்றேன். "இதுக்குத்தான்."

விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது, நான் அளக்கவில்லை. பிறகு, "தள்ளு. ஒண்ணுக்கு வருது" என்றார்.

அவர் வீட்டுக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். புதுக் கதவைத் திறந்தேன். நாற்காலி எங்கேயும் இடிக்காமல் உள்ளே போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.